மன்ஹாட்டனில் நூறு வயதுக் கட்டடத்தில் வீடு வாங்கலாமா?

கேள்வி சுருக்கமாக இது. மன்ஹாட்டன் அப்பர் வெஸ்ட் சைடில், வெஸ்ட் எண்ட் அவென்யூவில், 1920-களில் கட்டிய பதினைந்து மாடிக் கட்டடத்தில் ‘கிளாசிக் சிக்ஸ்’ எனப்படும் பழைய பாணி ஆறு அறை வீடு ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. வாசலில் இருபத்துநாலு மணி நேர டோர்மேன், கட்டடத்திலேயே குடியிருக்கும் சூப்பர் (கட்டடப் பராமரிப்பாளர்) எல்லாம் உள்ள கோ-ஆப், அதாவது குடியிருப்பவர்கள் பங்குதாரர்களாக உள்ள நிறுவனத்துக்குச் சொந்தமான கட்டடம். விலை 20.5 லட்சம் டாலர், மாத மெயின்டனன்ஸ் (பராமரிப்புக் கட்டணம்) 3,800 டாலர். வீட்டுக்குத் தனிப் பத்திரம் உள்ள காண்டோ இதே அளவில் பக்கத்துத் தெருவில் இன்னும் பல லட்சம் கூடுதல். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். பள்ளிக்குப் போகும் மகள், வருடத்தில் சில மாதம் திருச்சியிலிருந்து வந்து தங்கும் பெற்றோர். வாங்கலாமா, மாதம் 3,800 எதற்குப் போகிறது, கட்டடத்தை நிர்வகிக்கும் போர்டு எங்களை ஏற்றுக்கொள்ளுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பத்து வருடமாவது அங்கே இருப்பீர்கள் என்றால், கட்டடத்தின் கணக்கும் சுத்தமாக இருந்தால், தாராளமாக வாங்கலாம். இதில் இரண்டாவது நிபந்தனைதான் முக்கியம். ஜன்னல், தரை, சமையலறை எல்லாவற்றையும் விவரமாக எழுதியிருக்கிறீர்கள். கட்டடத்துக்கு எவ்வளவு கடன் இருக்கிறது, அது எந்த வருடம் முடிகிறது என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. இப்படி ஒரு பழைய கோ-ஆப்பின் போர்டில் பொருளாளராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வாங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

அதற்கு முன் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் நீங்கள் மயங்கியதில் தப்பே இல்லை.

நியூயார்க்கில் போருக்கு முந்தைய கட்டடம் என்றால் இரண்டாம் உலகப் போருக்கு முன், ஏறக்குறைய 1900 முதல் 1940 வரை எழும்பியவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வசதியுள்ள குடும்பங்கள் தனி வீடுகளில்தான் இருந்தன. பல குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் வாழ்வது ஏழைகளின் நெரிசல் குடியிருப்புகளில் நடப்பது என்று நினைத்தார்கள். 1884-இல் சென்ட்ரல் பார்க் ஓரத்தில் வந்த டகோட்டா என்ற சொகுசு மாடிக் குடியிருப்பு அந்த எண்ணத்தை அசைத்தது. 1904-இல் பிராட்வேக்கு அடியில் சப்வே ஓட ஆரம்பித்ததும் அப்பர் வெஸ்ட் சைடில் மளமளவென்று கட்டடங்கள் எழுந்தன. ஆன்சோனியா அதே வருடம், ஆப்தார்ப் 1908-இல். தனி வீட்டுக்காரர்களை மாடிக் குடியிருப்புக்கு வரவழைக்க வேண்டும் என்பதால், கட்டியவர்கள் தனி வீட்டின் ஒழுங்கையே ஒரே தளத்தில் விரித்து வைத்தார்கள்.

கிளாசிக் சிக்ஸின் வரைபடத்தை எடுத்து வைத்துப் பாருங்கள். கதவைத் திறந்ததும் முன்கூடம். ஒரு பக்கம் வரவேற்பறையும் தனிச் சாப்பாட்டு அறையும். இன்னொரு பக்கம் ஒரு நடை, அதன் கடைசியில் இரண்டு படுக்கையறைகள். சமையலறைக்குப் பின்னால் வேலைக்காரருக்கென்று ஒரு சின்ன அறை, அதற்கு ஒரு சின்னக் குளியலறை, சர்வீஸ் லிஃப்ட் பக்கம் திறக்கும் பின்கதவு. இந்த ஆறு அறைகள்தான் அந்தப் பெயரில் உள்ள ஆறு. குளியலறைகள் எண்ணிக்கையில் வராது. மூன்றாவது படுக்கையறை இருந்தால் கிளாசிக் செவன். விருந்தினர் நடமாடும் இடம், குடும்பம் தூங்கும் இடம், வேலை நடக்கும் இடம் மூன்றும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் இருக்கும். இந்தப் பிரிவினையை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் சிசிலியிலிருந்து வந்து கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டடக்கலைஞர் ரொசாரியோ காண்டெலா. பார்க் அவென்யூ 740-ஆம் எண் கட்டடம் அவருடையது, 1930-இல் முடிந்தது. பொருளாதாரப் பெருமந்தம் வந்து கட்டட வேலை அடியோடு குறைந்த பிறகு அவர் ரகசியக் குறியீடுகளை உடைக்கும் ஆராய்ச்சியில் இறங்கி, போர்க்காலத்தில் அதையே கற்றுக்கொடுத்தார். அவர் வரைந்த தளங்களைப் பார்த்தால் அதில் ஆச்சரியமில்லை: ஒவ்வொரு கதவும் எதற்காக அந்த இடத்தில் இருக்கிறது என்பதற்குப் பதில் இருக்கும்.

உங்கள் குடும்பத்துக்கு இந்த அமைப்பு நன்றாகவே பொருந்தும் என்பது என் எண்ணம். புதுக் காண்டோக்களில் சமையலறையும் ஹாலும் ஒன்றாகத் திறந்து கிடக்கும். மகள் பரீட்சைக்குப் படிக்கும்போது அப்பா செய்தி பார்க்க முடியாது, மீன் வறுத்தால் சோஃபா வரை வாசம் வரும். இங்கே கதவைச் சாத்திக்கொள்ளலாம். கனமான கல், செங்கல், பிளாஸ்டர் சுவர்கள் என்பதால் பக்கத்து வீட்டுச் சத்தமும் குறைவு. சாப்பாட்டு அறையில் கொலு வைத்துப் பதினைந்து பேரை உட்காரவைக்கலாம். பின்பக்க அறை அம்மா அப்பாவுக்குத் தோதாகும் என்று நினைத்திருக்கிறீர்கள். தனிக் குளியலறை இருப்பது பெரிய வசதிதான், ஆனால் அளந்து பாருங்கள். இன்றைய விதிப்படி ஒரு அறை வசிக்கும் அறையாக ஏற்கப்பட 80 சதுர அடியும், எந்தப் பக்கமும் 8 அடிக்குக் குறையாத அகலமும் வேண்டும். பழைய வேலைக்காரர் அறைகள் பல அதைவிடச் சின்னவை. இரண்டு பேர் மாதக்கணக்கில் தங்குவது கஷ்டம். பல குடும்பங்கள் செய்வதுபோல அதை அலுவல் அறையாக்கிவிட்டு, சாப்பாட்டு அறையைப் பெற்றோர் வரும்போது படுக்கையறையாக மாற்றுவது நடக்கக்கூடிய வழி. இன்னொன்று: கோ-ஆப் விளம்பரங்களில் சதுர அடி பல நேரம் இருக்காது, இருந்தாலும் தோராயம்தான். ஒரு அளவு நாடாவோடு போய் நீங்களே அளப்பது நல்லது.

சரி, இப்போது முக்கியமான பகுதி.

காண்டோவில் வீட்டுக்குப் பத்திரம் உங்கள் பெயரில் வரும். கோ-ஆப்பில் அப்படி வராது. கட்டடம் முழுவதும் ஒரு நிறுவனத்துக்குச் சொந்தம். நீங்கள் அந்த நிறுவனத்தின் பங்குகளை வாங்குகிறீர்கள். அந்தப் பங்குகளுக்கு ஈடாக அந்த வீட்டில் வசிக்கும் குத்தகை உரிமை கிடைக்கிறது. இந்த ஏற்பாடு நியூயார்க்கில் 1880-களிலேயே தொடங்கியது. இன்று மன்ஹாட்டனின் பழைய கட்டடங்களில் சொந்த வீடு என்றால் பெரும்பாலும் இதுதான். இவற்றில் நிறைய கட்டடங்கள் வாடகைக் குடியிருப்புகளாக இருந்து, 1970-களிலும் 80-களிலும் கோ-ஆப்பாக மாறியவை. பங்கு வாங்கிய நாளிலிருந்து அந்த நிறுவனத்தின் கடன், வழக்கு, பழுது எல்லாவற்றிலும் உங்களுக்கும் பங்கு உண்டு.

மாதம் 3,800 எதற்குப் போகிறது என்று கேட்டீர்கள். நகரத்துக்குக் கட்டும் சொத்துவரி, ஊழியர் சம்பளம், சூடேற்றும் செலவு, தண்ணீர், இன்சூரன்ஸ், கட்டடத்தின் மேலுள்ள கடனுக்கு வட்டி. இவற்றில் மிகப் பெரியவை வரியும் சம்பளமும்.

சம்பளக் கணக்கைப் பார்த்தால் இந்த வகைக் கட்டடத்தின் பொருளாதாரமே புரிந்துவிடும். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 40 மணி நேரம் வேலை செய்தால், வாசலில் எப்போதும் ஒரே ஒருவர் நிற்பதற்கே நாலு பேருக்கு மேல் வேண்டும். விடுமுறை, உடல்நலக் குறைவு சேர்த்தால் ஐந்து. அவர்களோடு சூப்பர், போர்ட்டர்கள், சில கட்டடங்களில் ஹேண்டிமேன், இன்னும் சிலவற்றில் லிஃப்ட் இயக்குபவர். பெரும்பாலான கட்டடங்களில் இவர்கள் 32பிஜே தொழிற்சங்க உறுப்பினர்கள்; சம்பளம், மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் எல்லாம் ஒப்பந்தப்படி. அது நியாயமானதுதான், அந்த வேலைக்கு அந்தக் கூலி வேண்டும். ஆனால் அந்தச் செலவை எத்தனை வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன என்று கேளுங்கள். 100 வீடுகள் இருந்தால் தாங்கும். 30 வீடுகள் மட்டும் உள்ள கட்டடத்தில் அதே வசதி இருந்தால் ஒவ்வொருவர் தலையிலும் மும்மடங்குக்கு மேல் விழும். நீங்கள் பார்த்த கட்டடத்தில் 60 வீடுகள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 3,800 அந்த வட்டாரத்துக்கு மிரளவைக்கும் தொகை இல்லை. அது நிலைத்து நிற்குமா என்பதுதான் கேள்வி.

அதைச் சொல்லப் போவது கட்டடத்தின் கடன். கோ-ஆப் நிறுவனங்கள் கட்டடத்தையே அடமானம் வைத்துக் கடன் வாங்கியிருக்கும். பல நேரம் வட்டி மட்டும் கட்டிக்கொண்டு வருவார்கள். பத்து, பதினைந்து வருடத்தில் காலம் முடிந்ததும் புதுக் கடன் எடுத்துப் பழையதை அடைப்பார்கள். 2022-க்கு முன்னால் 3 சதவீத அளவில் வாங்கிய கடன்கள் ஒவ்வொன்றாக முடிந்து, அதைவிட மிக அதிக வட்டிக்குப் புதுப்பிக்கப்படுகின்றன. ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். 60 வீடுகள் உள்ள கட்டடத்துக்கு 80 லட்சம் டாலர் கடன், 3 சதவீத வட்டி என்றால் வருடத்துக்கு 2,40,000. அது 6 சதவீதம் ஆனால் 4,80,000. கூடுதல் 2,40,000-ஐ 60 வீடுகளுக்குப் பிரித்தால் சராசரியாக வீட்டுக்கு மாதம் 333 டாலர். உங்களுடையது பெரிய வீடு, பங்குகள் அதிகம், எனவே அதற்கும் மேலே. உங்கள் 3,800 ஒரே நாளில் 4,200-ஐத் தாண்டும், வசதி ஒன்றுகூட கூடாமல். ஆகவே வக்கீலிடம் முதலில் கேட்க வேண்டியது: கடன் எவ்வளவு, வட்டி என்ன, எந்த மாதம் முடிகிறது. அடுத்தது கையிருப்பு நிதி எவ்வளவு. அப்புறம் நிலம் கட்டடத்துக்கே சொந்தமா என்பது. சில கோ-ஆப்களில் கட்டடம் மட்டும்தான் நிறுவனத்துடையது, நிலம் இன்னொருவருடையது. நிலக் குத்தகை புதுப்பிக்கும்போது வாடகை பல மடங்கு ஏறி, வீட்டின் மதிப்பே கரைந்துவிடும். நிலக் குத்தகை என்று தெரிந்தால், எவ்வளவு அழகான வீடாக இருந்தாலும் உங்கள் நிலையில் நான் வாங்க மாட்டேன்.

கணக்கு அறிக்கைகளை விடவும் எனக்கு நம்பகமாகத் தோன்றுவது போர்டு கூட்டங்களின் குறிப்பேடு. கடந்த இரண்டு மூன்று வருடக் குறிப்புகளை வக்கீல் போய்ப் படிக்க வேண்டும். நியூயார்க்கில் இது வழக்கமான வேலை. எந்த மாடியில் தண்ணீர் கசிகிறது, யார் யாரோடு வழக்கு, பாய்லர் எப்போது மாற்றப் போகிறார்கள், அடுத்து சிறப்பு வசூல் (பெரிய வேலைக்காக எல்லா வீட்டாரிடமும் தனியாக வாங்கும் பணம்) வருமா என்பதெல்லாம் அங்கே எழுதியிருக்கும். இதைச் செய்யாத வக்கீலை வைக்காதீர்கள்.

சிறப்பு வசூல் பெரும்பாலும் எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1979-இல் பிராட்வேக்கும் 115-ஆம் தெருவுக்கும் அருகே ஒரு பழைய கட்டடத்திலிருந்து பெயர்ந்து விழுந்த துண்டு பட்டு பர்னார்ட் கல்லூரி மாணவி ஒருவர் இறந்தார். அடுத்த வருடமே கட்டட முகப்புகளைச் சோதிக்கும் சட்டம் வந்தது. 1998-இல் அது இன்னும் கடுமையாகி 11-ஆம் எண் உள்ளூர்ச் சட்டமானது. ஆறு மாடிக்கு மேற்பட்ட ஒவ்வொரு கட்டடத்தின் வெளிச்சுவரும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நிபுணரால் சோதிக்கப்பட வேண்டும். நடைபாதை மேல் மாதக்கணக்கில், சில இடங்களில் வருடக்கணக்கில், பச்சைப் பலகைக் கொட்டகைகள் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். நூறு வருடத்துக்கு முந்தைய சுடுமண் அலங்காரங்களும் கார்னிஸ்களும் பார்க்க எவ்வளவு அழகோ, பழுதுபார்க்க அவ்வளவு செலவு. நல்ல கட்டடத்தின் அடையாளம், கடந்த சுற்று வேலையை முடித்துவிட்டு அதற்கான பணத்தையும் கட்டி முடித்திருப்பது.

2019-இல் வந்த 97-ஆம் எண் சட்டத்தையும் கேளுங்கள். 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு 2024 முதல் கரியமில வாயு வரம்பு இருக்கிறது. 2030-இல் அது இறுகுகிறது. வரம்பைத் தாண்டினால் ஒவ்வொரு டன்னுக்கும் வருடத்துக்கு 268 டாலர் அபராதம். எண்ணெயில் ஓடும் பழைய பாய்லர் உள்ள கட்டடம் இதற்கு என்ன திட்டம் வைத்திருக்கிறது என்று கேட்டால் ‘பார்த்துக்கொள்வோம்’ என்ற பதில் வரக்கூடாது.

வீட்டுக்குள் வருவோம். வெப்பம் பெரும்பாலும் நீராவி ரேடியேட்டரிலிருந்து. அது உங்கள் கட்டுப்பாட்டில் அதிகம் இருக்காது. ஜனவரியில் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கும் நியூயார்க்காரர்களைப் பார்த்திருப்பீர்கள். ரேடியேட்டரில் தனி வால்வு பொருத்த முடியுமா என்று சூப்பரிடம் கேளுங்கள். மின்சாரம் பற்றி அதைவிடக் கவனம் வேண்டும். பழைய இணைப்பே இருந்தால் ஜன்னல் ஏசி, மைக்ரோவேவ், வெட் கிரைண்டர் மூன்றும் ஒன்றாக ஓடினால் தாங்காது. எத்தனை ஆம்பியர் வருகிறது, கூட்ட முடியுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். தண்ணீர்க் குழாய் மாற்றியிருக்கிறார்களா என்பதும் அப்படியே. ஈயம் கலந்த பெயின்ட் நியூயார்க் நகரத்தில் 1960-இல்தான் தடைசெய்யப்பட்டது, எனவே 1920-களின் வீட்டில் அடி அடுக்குகளில் அது இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உரியாமல் மூடியிருக்கும்வரை பிரச்சினை இல்லை. சுவரை உடைக்கும் வேலைக்கு உரிமம் பெற்ற ஆட்களைத்தான் அழைக்க வேண்டும்.

நம் சமையலுக்கு இரண்டு கேள்விகள். பழைய சமையலறைகளில் ஜன்னல் இருக்கும், புகையை வெளியே தள்ளும் குழாய் பெரும்பாலும் இருக்காது. அடுப்புக்கு மேலிருக்கும் விசிறி அதே காற்றைத்தான் சுற்றிவிடும். சுவரைத் துளைத்து வெளியே விட அனுமதி கிடைப்பது கடினம். இரண்டாவது, எரிவாயுக் குழாய். நகர விதிப்படி கட்டடத்தின் எரிவாயுக் குழாய்களை நான்கு வருடத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். எங்கேயாவது கசிவு தெரிந்தால் முழுக் கட்டடத்துக்கும் இணைப்பை நிறுத்திவிடுவார்கள். நூறு வருடக் குழாய்களைச் சரிசெய்து திரும்பப் பெற மாதங்கள் ஆகும். அதுவரை மின் அடுப்புதான். கடைசிச் சோதனையில் என்ன வந்தது என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

குளியலறையை இடம் மாற்றி இன்னொன்று சேர்க்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு முன் கட்டடத்தின் மராமத்து ஒப்பந்தத்தை வாங்கிப் படியுங்கள். பெரும்பாலான கோ-ஆப்களில் கீழ்வீட்டுப் படுக்கையறைக்கோ ஹாலுக்கோ மேலே உங்கள் குளியலறையோ சமையலறையோ வரக்கூடாது. வீட்டுக்குள் வாஷிங் மெஷின் வைக்கவே பல கட்டடங்களில் தடை. சில இடங்களில் பெரிய வேலைகளைக் கோடையில் மட்டும்தான் செய்ய விடுவார்கள். உங்கள் கட்டடம் ரிவர்சைட்–வெஸ்ட் எண்ட் வரலாற்றுப் பகுதிக்குள் இருந்தால் ஜன்னல் மாற்றவும் நகரத்தின் பாரம்பரியச் சின்னங்கள் ஆணையத்தின் அனுமதி வேண்டும். அந்த ஆணையத்துக்கு அதிகாரம் தந்த சட்டத்தின் மேல் எனக்கு மதிப்பு அதிகம். 1963-இல் பென் ஸ்டேஷன் என்ற பழைய ரயில் நிலையத்தை இடிக்கத் தொடங்கிய பிறகு எழுந்த எதிர்ப்பில்தான் அது 1965-இல் வந்தது. அது இல்லாவிட்டால் நீங்கள் ஆசைப்படும் அந்தத் தெருவே இந்த வடிவத்தில் இருந்திருக்காது.

இனி போர்டு. பங்குதாரர்கள் தேர்ந்தெடுக்கும் அண்டை வீட்டார்தான் அவர்கள். உங்கள் வருமானவரிப் படிவங்கள், வங்கிக் கணக்குகள், சிபாரிசுக் கடிதங்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு நேர்காணலுக்கு அழைப்பார்கள். மறுத்தால் காரணம் சொல்லும் வழக்கமில்லை. பதவி விலகிய அதிபர் நிக்சனையே 1979-இல் மன்ஹாட்டனில் ஒரு கோ-ஆப் வேண்டாம் என்றது. 1985-இல் சான் ரெமோ என்ற கோ-ஆப் பாடகி மடோனாவை மறுத்தது. இந்த அதிகாரத்துக்கு ஒரு கெட்ட வரலாறும் உண்டு. இன்று நம்மவர்கள் காய்கறி, நகை வாங்கப் போகும் குயின்ஸ் ஜாக்சன் ஹைட்ஸில், 1920-களில் தோட்டம் சூழக் கட்டிய கோ-ஆப்களில் யூதர்களையும் கறுப்பினத்தவரையும் சேர்க்கவில்லை. இன்று இனம், மதம், பிறந்த நாடு, குடியுரிமை நிலை எதையும் வைத்து மறுப்பதை நகர மனித உரிமைச் சட்டம் தடுக்கிறது. மனதில் அந்தப் பயம் இருந்தால் அதைத் தயக்கமில்லாமல் வக்கீலிடம் பேசுங்கள். நான் பார்த்த மறுப்புகளில் பெரும்பாலானவை பணக் கணக்கில்தான் முடிந்தன.

அந்தக் கணக்கு இப்படிப் போகும். விலையை 20 லட்சம் என்று வைப்போம். 25 சதவீதம் முன்பணம், மீதி 15 லட்சம் கடன். 6.5 சதவீத வட்டியில் 30 வருடத்துக்கு மாதத் தவணை சுமார் 9,500. மெயின்டனன்ஸ் சேர்த்தால் 13,300. பல போர்டுகள் இது உங்கள் மொத்த மாத வருமானத்தில் 25 முதல் 30 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும். 28 என்று வைத்தால் இருவர் வருமானம் சேர்த்து வருடத்துக்கு 5,70,000 டாலர் அளவு வேண்டும். அதோடு வீடு வாங்கிய பிறகும் ஒன்று முதல் இரண்டு வருடச் செலவுக்கான ரொக்கம் கையில் நிற்க வேண்டும். இரண்டு வருடம் என்றால் 3,20,000. ஓய்வூதியக் கணக்கில் இருப்பதைப் பல போர்டுகள் முழுதாக எடுத்துக்கொள்வதில்லை. திருச்சியில் உள்ள வீடு, லாக்கர் நகை, வங்கி வைப்பு இவற்றை அவர்கள் ரொக்கமாக எண்ண மாட்டார்கள். அப்பா பணம் அனுப்புவதாக இருந்தால் இந்திய ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர்வரை அனுப்பலாம். அதைக் கடைசி வாரத்தில் கொண்டுவராமல், சில மாதங்களுக்கு முன்பே உங்கள் கணக்கில் வந்து நிற்கச் செய்யுங்கள். திருப்பிக் கேட்காத அன்பளிப்பு என்று ஒரு கடிதமும் வேண்டியிருக்கும்.

பெற்றோர் தங்குவது பற்றிய விதியை வீட்டு விதிகளில் பாருங்கள். நீங்கள் அங்கே இருக்கும்போது குடும்பத்தினர் வந்து தங்குவதில் பொதுவாகச் சிக்கல் வராது. நீங்கள் ஊரில் இல்லாதபோது அவர்கள் மட்டும் இருப்பதற்கு முன்அனுமதி கேட்கும் கட்டடங்கள் உண்டு. வாடகைக்கு விடுவதற்கும் கடுமையான வரம்பு இருக்கும். வேலை மாறி டல்லாஸுக்கோ பெங்களூருக்கோ போக வாய்ப்பு இருக்கிறது என்றால், இந்த ஒரு விதிக்காகவே காண்டோ பக்கம் போவது நல்லது. பத்து வருடம் என்று முதலில் சொன்னதும் இதனால்தான். விற்கும்போதும் உங்களிடம் வாங்குபவரை போர்டு ஏற்க வேண்டும், பல கட்டடங்களில் விற்பனைத் தொகையில் ஒரு பங்கை நிறுவனத்துக்குக் கொடுக்கவும் வேண்டும்.

வரிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 10 லட்சம் டாலருக்கும் அதற்கு மேலும் விலையுள்ள வீடுகளுக்கு வாங்குபவர் கட்டும் ‘மேன்ஷன் டாக்ஸ்’ உண்டு. 20 லட்சத்துக்குக் கீழே 1 சதவீதம். 20 லட்சத்தைத் தொட்டால் முழு விலைக்கும் 1.25 சதவீதம். எனவே 20,00,000 என்பதற்கும் 19,99,000 என்பதற்கும் வரியில் 5,000 டாலர் வித்தியாசம். பேரத்தை அந்தக் கோட்டுக்குக் கீழே முடியுங்கள். கோ-ஆப் என்பதால் அடமானப் பதிவு வரி கிடையாது. இதே 15 லட்சம் கடனைக் காண்டோவுக்கு எடுத்திருந்தால் அதற்கே 29,000 டாலர் அளவு போயிருக்கும். மெயின்டனன்ஸில் சொத்துவரிக்கும் வட்டிக்கும் போகும் பகுதிக்கு வருமானவரிக் கழிவு உண்டு, அதன் அளவை உங்கள் கணக்காளரிடம் கேளுங்கள்.

வசதிகள் பற்றியும் ஒன்று. டோர்மேன் என்றால் கதவு திறப்பவர் என்று மட்டும் நினைக்க வேண்டாம். பள்ளி முடிந்து வரும் மகளைப் பெயர் சொல்லி விசாரிப்பவர், பார்சலை வாங்கி வைப்பவர், அம்மாவுக்கு டாக்ஸி பிடித்துக் கொடுப்பவர் அவர்தான். கட்டடத்தின் உண்மையான நிலையை நன்றாக அறிந்தவர் சூப்பர். வீட்டை இரண்டாவது முறை பார்க்கப் போகும்போது பாய்லர் அறையையும் அடித்தளத்தையும் காட்டச் சொல்லுங்கள். அடித்தளம் துடைத்து, குழாய்களுக்கு அடையாளச் சீட்டு மாட்டி வைத்திருக்கும் சூப்பர் இருந்தால், மேலே பதினைந்து மாடியும் ஒழுங்காக இருக்கும் என்று பெரும்பாலும் நம்பலாம். டிசம்பரில் இவர்கள் எல்லோருக்கும் உறையில் வைத்துப் பணம் கொடுப்பது அங்கே ஊறிப்போன பழக்கம். அதை வருடச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள், முதல் வருடமே மனதாரக் கொடுங்கள்.

மூன்றாவது மாடி, உள்முற்றம் பார்த்த வீடு என்று எழுதியிருப்பதால் வெளிச்சம் பற்றி எனக்குக் கவலை இருக்கிறது. புரோக்கர் காலை பதினொன்றுக்கு எல்லா விளக்கையும் போட்டுத்தான் காட்டியிருப்பார். வேலை நாளில் மாலை நாலு மணிக்குப் போய், விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு, எல்லா அறையிலும் கொஞ்ச நேரம் நில்லுங்கள். அதே கட்டடத்தில் உயரமான மாடியில், தெருவைப் பார்த்த வீடு இதைவிடக் கணிசமாக அதிக விலைக்குப் போகும். இந்த வீடு எவ்வளவு குறைவாக இருக்க வேண்டும் என்பதை அங்கே சமீபத்தில் விற்ற வீடுகளின் விலைகளை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கோ-ஆப் விற்பனை விலைகள் நகரத்தின் பொதுப் பதிவில் இருக்கின்றன, உங்கள் வக்கீலோ புரோக்கரோ எடுத்துத் தர முடியும்.

வாய்மொழியாக விலை படிந்துவிட்டாலும் ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்துப் போடும்வரை யாரையும் எதுவும் கட்டுப்படுத்தாது. வக்கீல் கணக்குகளையும் குறிப்பேட்டையும் படிக்க வேண்டிய காலம் அதுதான். கையெழுத்துப் போடும் அன்று 10 சதவீதம் கட்ட வேண்டும். போர்டு மறுத்தால் அந்தப் பணம் திரும்ப வரும் என்ற விதி ஒப்பந்தத்தில் இருக்கும். வங்கி கடன் தராவிட்டால் திரும்ப வருமா என்பது தனியாகக் கேட்டு எழுதி வாங்க வேண்டிய விதி. இந்த அளவு கடன் எடுக்கும்போது அது இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். அங்கிருந்து போர்டு நேர்காணல் முடிந்து சாவி கைக்கு வர இரண்டு மூன்று மாதமாவது ஆகும். பள்ளி செப்டம்பரில் திறக்கிறது என்பதால், இந்தக் கோடைக்குள் குடிபோக வேண்டுமென்றால் வக்கீலை இந்த வாரமே பேசி வையுங்கள். கட்டடக் கடன் முடியும் தேதியையும் கடைசி முகப்புச் சோதனை அறிக்கையையும் அவர் வாங்கிவந்ததும் இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.